விலை கேட்டு நடந்த கால்கள்

பெருநாளைக்கு இரண்டு கிழமை இருக்கும். குறிஞ்சாக்கேணியில் மாமி வீட்டு விறாந்தையில் மச்சான் போனோடு குந்தியிருந்தான். வெள்ளை நிற சினீக்கர் ஒரு சோடி வேணும். ஒரு தளத்தில் 7,490 ரூபா, இன்னொன்றில் 6,990. ஒரு பேஸ்புக் பக்கத்தில் அதே படம் இருந்தது, விலை இருந்த இடத்தில் "விலைக்கு இன்பொக்ஸ் பண்ணவும்" என்று இருந்தது. இன்பொக்ஸ் பண்ணினால் 6,450 என்று பதில் வந்தது. அனுப்பும் செலவு வேற. எங்கட பக்கத்து முகவரியைக் கொடுத்ததும் அந்தச் செலவு இன்னும் கொஞ்சம் கூடினது. எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்றன.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மூத்தம்மா சொன்னா: "நாங்க நாலு கடை ஏறி இறங்கித்தான் ஒரு சோடி வாங்குவம். நீ குந்தின இடத்துலயே ஏறி இறங்குறாய். அவ்வளவுதான் வித்தியாசம்."

வித்தியாசம் அவ்வளவுதானா என்று எனக்கு ஒரு யோசனை. கடை ஏறி இறங்கியபோது நடந்தது எங்கட கால். இப்ப எங்களுக்காக நடக்கிறது ஒரு மென்பொருள். அந்தக் கால் யாருடையது, அது யாருக்காக நடக்கிறது? இந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட ஒரு கதை இருக்கிறது.

சப்பாத்தும் பாட்டாவும்

முதலில் சொற்களைப் பார்ப்போம். நாங்கள் 'சப்பாத்து' என்று சொல்வது போர்த்துக்கேயரின் 'சப்பாத்தோ'. அவர்கள் போய் முந்நூற்றைம்பது வருசத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சொல் எங்கட காலிலேயே கிடக்கிறது. வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் போடும் இறப்பர் செருப்புக்கு 'பாட்டா' என்கிறோம். எந்தக் கொம்பனி செய்தாலும் அது பாட்டாதான். இந்தச் சொல் ஒரு மனிதரின் குடும்பப் பெயர்.

தோமஸ் பாட்டா 1894இல், இன்றைய செக் நாட்டில் உள்ள ஸ்லின் என்ற சிறு ஊரில் தன் அண்ணனோடும் அக்காவோடும் சேர்ந்து சப்பாத்துத் தொழிலைத் தொடங்கினார். முதலாம் உலகப் போருக்குப் பிறகு நாட்டில் சனத்திடம் காசில்லை, பண்டகசாலைகளில் சப்பாத்துகள் தேங்கிக் கிடந்தன. 1922 செப்டெம்பரில் அவர் தன் சப்பாத்துகளின் விலையைப் பாதியாகக் குறைத்தார். மற்ற முதலாளிமார் இவர் அழிந்துபோவார் என்று நினைத்தார்கள். கடைகளில் கூட்டம் நிரம்பி வழிந்தது.

பாட்டா கடை இன்னொரு பழக்கத்தையும் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. சப்பாத்தின் அடியில் ஒட்டிய விலை, அந்த விலையின் கடைசியில் ஒரு 9. செக் மொழியில் இன்றைக்கும் 9இல் முடியும் விலைக்குப் 'பாட்டா விலை' என்றுதான் பெயர். மச்சானின் போனில் இருந்த 6,990இன் மூதாதை அதுதான்.

விலை ஒட்டிய சப்பாத்து என்பது இன்றைக்குச் சாதாரண விசயம். ஆனால் அதற்கு முந்திய காலத்தில் விலை என்பது கடைக்காரரின் வாயில் மட்டும் இருந்தது. ஆளைப் பார்த்து விலை. நல்ல சாரம் உடுத்தி வந்தவருக்கு ஒரு விலை, தெரிந்த குடும்பத்துக்கு ஒரு விலை, பேரம் பேசத் தெரியாதவருக்கு இன்னொரு விலை. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் பொன் மார்ஷே, பிலடெல்பியாவின் வனமேக்கர் போன்ற பெரிய கடைகள் எல்லாருக்கும் ஒரே விலை என்று எழுதி ஒட்டத் தொடங்கியது ஒரு சிறிய புரட்சி. எழுதி ஒட்டிய பிறகுதான் ஒரு கடையின் விலையை இன்னொரு கடையின் விலையோடு ஒப்பிட முடிந்தது. 'விலைக்கு இன்பொக்ஸ் பண்ணவும்' என்று போடுகிறவர்கள் எங்களைத் திரும்பவும் அந்தப் பழைய கடைவாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

ஒரு நாடு விலை ஒப்பிட்டது

சினீக்கரின் உயிர் அதன் இறப்பர் அடியில் இருக்கிறது. சத்தம் போடாமல் பதுங்கி நடக்க விடுவதால்தான் ஆங்கிலத்தில் அதற்கு அந்தப் பெயர். அந்த இறப்பர் எங்கட தீவுக்கு வந்தது 1876இல். பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன.

முக்கால் நூற்றாண்டு கழித்து அதே இறப்பர் இலங்கையை ஒரு பெரிய விலை ஒப்பீட்டுக்குள் தள்ளியது. கொரியப் போரின் தொடக்கத்தில் ஏறியிருந்த இறப்பர் விலை இறங்கியது, அரிசி விலை ஏறியது. விற்கிற சாமானுக்கு விலையில்லை, வாங்குகிற சாமானுக்கு நெருப்பு விலை. அமெரிக்காவிடம் பேசிப் பார்த்தும் சரிவரவில்லை. கடைசியில் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க சீனாவோடு பேசினார். 1952 டிசம்பரில் ஒப்பந்தம் கைச்சாத்தானது: வருசத்துக்கு 2,70,000 தொன் அரிசி அங்கிருந்து வரும், 50,000 தொன் இறப்பர் இங்கிருந்து போகும். ஐந்து வருசத்துக்கு. இறப்பருக்குச் சந்தையை விடக் கூடின விலை, அரிசிக்குச் சந்தையை விடக் குறைந்த விலை. அதற்காக அமெரிக்காவின் உதவியை இலங்கை சில வருசம் இழந்தது. மலிவு தேடிப் போகும்போது விலைப்பட்டியலில் எழுதாத ஒரு செலவும் கூடவே வரும் என்பதற்கு நான் அறிந்த நல்ல உதாரணம் இதுதான்.

பிறகு 1970களில் மூடிய பொருளாதாரம் வந்தது. பாணுக்கு வரிசை, துணிக்குக் கூப்பன். அந்தக் காலத்தைப் பற்றி மூத்தம்மாவிடம் கேட்டால், "என்னத்த ஒப்பிடுற? இருந்ததே ஒண்டுதானே" என்பா. தெரிவு இல்லாத இடத்தில் ஒப்பிடுவதற்கு ஒன்றுமில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு கடைகள் நிறைந்தன, விலைகளும் பலவாகின. 2003இல் வந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்கவேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும் என்று வியாபாரிகளுக்குச் சொன்னது. அந்தச் சபைக்கு முறைப்பாடு சொல்லும் தொலைபேசி இலக்கமும் 1977தான். ஞாபகம் வைப்பது லேசு.

மீனும் போனும்

விலையைத் தேடுவதற்கே ஒரு விலை இருக்கிறது என்று 1961இல் எழுதினார் அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் ஸ்டிக்லர். ஒரே ஊரில், ஒரே மொடல் காரை, முகவர்கள் வேறு வேறு விலைக்கு விற்பதை அவர் காட்டினார். ஏன் அப்படி? எல்லாக் கடைக்கும் போய்க் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. ஒவ்வொரு கடைக்கும் நடப்பதற்குக் காலும் காசும் செலவாகின்றன. ஒரு அளவுக்கு மேல் தேடி மிச்சம் பிடிக்கிற காசை விடத் தேடும் செலவு கூடிவிடும். பஸ் காசைக் கணக்குப் பார்த்துவிட்டு "சரி, இஞ்சயே வாங்குவம்" என்று சொல்லும் ஒவ்வொரு உம்மாவும் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறா. அவருக்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கணக்கு மாறுவதை நேரடியாகக் காட்டிய இடம் எங்களுக்குக் கிட்டத்தான் இருக்கிறது. வட கேரளக் கரையில் மத்தி பிடிக்கிறவர்கள் கடலில் இருக்கும்போது எந்தத் துறையில் என்ன விலை என்று தெரியாது. பழக்கப்பட்ட கரைக்கே திரும்புவார்கள். 1997 ஜனவரி 14ஆம் திகதி காலை வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டும் நிலையில் நின்றார்கள். அதே நேரம் 15 கிலோமீற்றருக்குள் இருந்த வேறு இரண்டு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்ப இருந்தார்கள். அந்த வருசம் தொடங்கி 2001 வரைக்கும் அந்தக் கரை நெடுக ஒவ்வொரு பகுதியாகக் கைத்தொலைபேசி வந்தது. கரைக்கு வர முதலே போன் போட்டு விலை கேட்டார்கள். ஆய்வாளர் ரொபர்ட் ஜென்சன் 2007இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது. மீன் கொட்டுவது ஏறக்குறைய நின்றுபோனது. மீனவரின் இலாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது.

விற்றவருக்கும் நல்லது, வாங்கினவருக்கும் நல்லது. விலை ஒப்பீட்டின் வரலாற்றில் இவ்வளவு சுத்தமான வெற்றி அரிது. ஒரு விசயத்தைக் கவனிக்கவேண்டும். அந்த மீனவர் போன் எடுத்தது தனக்குத் தெரிந்த ஆளுக்கு. நடுவில் நின்று, எந்தக் கரையின் விலையை முதலில் காட்டுவது என்று தீர்மானிக்க ஒருவரும் இருக்கவில்லை.

நடுவில் வந்து நின்றவர்கள்

இணையத்தில் நடுவில் ஆள் வந்தது 1995இல். அமெரிக்காவின் அன்டர்சன் கொன்சல்டிங் கொம்பனி 'பார்கெய்ன் ஃபைண்டர்' என்று ஒரு பரிசோதனையைச் செய்தது. இசைத்தட்டின் பெயரைக் கொடுத்தால் சில இணையக் கடைகளுக்குப் போய் விலை கேட்டு வந்து வரிசையாகக் காட்டும். மூத்தம்மா ஏறி இறங்கிய கடைகளில் அது சில நொடிகளில் ஏறி இறங்கியது. கடைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மூன்றில் ஒரு பங்குக் கடைகள் அதற்குக் கதவைச் சாத்தின. விலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவரை எந்தக் கடைக்காரருக்குப் பிடிக்கும்?

அடுத்த கதையில் சென்னைக்கும் பங்கு இருக்கிறது. 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஜங்லி' கொம்பனியின் நிறுவனர்களில் வெங்கி ஹரிநாராயணும் ஆனந்த் ராஜாராமனும் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள். பல கடைகளின் பக்கங்களைத் திரட்டி, ஒரே இடத்தில் தேடி ஒப்பிடும்படி செய்வது அவர்களின் வேலை. 1998இல் அமேசன் தன் பங்குகளைக் கொடுத்து அந்தக் கொம்பனியை வாங்கிவிட்டது. வாங்கி, தன் தளத்திலேயே மற்றக் கடைகளின் சாமான்களைக் காட்டும் ஒரு பகுதியைத் திறந்தது. தன் வாசலில் நின்றுகொண்டு "அந்தக் கடையில மலிவு, அங்க போங்க" என்று சொல்லும் கடை எத்தனை நாள் நீடிக்கும்? அது நிலைக்கவில்லை. 2000இல் அமேசன் 'மார்க்கெட்பிளேஸ்' தொடங்கியது. வாங்குகிறவர்களை வெளியே அனுப்பும் கதை முடிந்தது. மற்ற வியாபாரிகள் உள்ளே வந்து அமேசனுக்குக் கொமிசன் கட்டி விற்றார்கள்.

இந்த வரலாற்றின் திருப்பம் இதுதான் என்பது என் எண்ணம். ஒப்பீடு கடைக்கு வெளியே இருந்தது, கடைக்கு உள்ளே வந்துவிட்டது. 2016இல் இலங்கைக்கு வந்து, 2018இல் அலிபாபாவின் கைக்குப் போன டராஸும் இதே அமைப்புத்தான். அதில் ஒரே சினீக்கரைப் பத்துப் பேர் பத்து விலைக்குப் போட்டிருப்பதைப் பார்த்து, சந்தையையே சுற்றி வந்துவிட்டோம் என்று நினைக்கிறோம். உண்மையில் ஒரே கூரைக்குக் கீழேதான் சுற்றுகிறோம். எங்களுக்கு முதலில் தெரியும் சோடி மலிவானதாகவும் இருக்கலாம், விளம்பரத்துக்குக் காசு கட்டினதாகவும் இருக்கலாம்.

கூகுளின் கதையும் அந்த வழியிலேயே போனது. 2002இல் 'ஃப்ரூகிள்' என்ற பெயரில் ஒரு விலைத் தேடலைத் தொடங்கினார்கள். கடைகள் காசு கட்டாமலே அதில் தங்கள் சாமான்களைச் சேர்க்கலாம். 2012இல் அது 'கூகுள் ஷொப்பிங்' ஆகி, காசு கட்டிய கடைகள்தான் அதில் தெரியும் என்றானது. இதற்கிடையில் இங்கிலாந்தில் ஆடம் ராஃப், ஷிவோன் ராஃப் என்ற கணவனும் மனைவியும் 'ஃபவுண்டெம்' என்ற விலை ஒப்பீட்டுத் தளத்தை 2006இல் திறந்தார்கள். திறந்த சில நாட்களிலேயே கூகுள் தேடலில் அவர்களின் தளம் ஆழத்துக்குப் போய்விட்டது. தேடினால் கிடைக்காத கடை, பூட்டிய கடைக்குச் சமன். 2009இல் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட்டார்கள். 2017இல் ஆணைக்குழு, தன் சொந்த விலை ஒப்பீட்டுச் சேவையை மேலே ஏற்றி மற்றவர்களைக் கீழே தள்ளியதற்காகக் கூகுளுக்கு 242 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2024 செப்டெம்பர் 10ஆம் திகதி ஐரோப்பிய உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பு வரும்போது ஃபவுண்டெம் மூடிப் பல வருசம்.

விலை ஒப்பிட்டுக் காட்டுகிறவர் நடுநிலையாளர் என்ற எண்ணத்தோடுதான் நாங்கள் அந்தத் தளங்களைத் திறக்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. எங்களுக்காக நடந்த கால்களுக்குக் கூலி கொடுத்தது பெரும்பாலும் கடைக்காரர்தான்.

வெட்டிய விலை

சினீக்கரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதற்கு 'உண்மையான விலை' என்று ஒன்று இல்லை. 1985இல் முதல் எயார் ஜோர்டன் வந்தபோது கடை விலை 65 டொலர். இன்றைக்கு அந்தக் காலத்துச் சோடி சேகரிப்பாளர்களிடம் பல மடங்கு விலைக்குப் போகும். 2016இல் 'ஸ்டொக்எக்ஸ்' என்ற தளம் பங்குச் சந்தையைப் போலவே சினீக்கருக்கு ஒரு சந்தையைத் திறந்து, கடைசியாக என்ன விலைக்கு விற்றது என்பதை எல்லாருக்கும் காட்டியது. கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. ஒப்பிடுவதற்கு உதவுவது இரண்டாவதுதான்.

எங்கட பக்கம் அதிகம் நடப்பது வெட்டிய விலை. 12,000 என்று போட்டு, குறுக்கே கோடு இழுத்து, பக்கத்தில் 6,990. அந்தச் சப்பாத்து எப்போதாவது 12,000க்கு விற்றதா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதத்திலிருந்து ஒரு விதி இருக்கிறது: விலைக்கழிவு என்று அறிவித்தால், அதற்கு முந்திய 30 நாட்களில் இருந்த ஆகக் குறைந்த விலையையும் காட்டவேண்டும். அதே 2022இல் நாங்கள் வேறொரு பாடம் படித்துக்கொண்டிருந்தோம். 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம். காலையில் கேட்ட விலை பின்னேரம் இல்லை. அந்த வருசம் 'பழைய விலை' என்ற சொல்லுக்கே அர்த்தம் போய்விட்டது. அதற்குப் பிறகு எந்த விலையைக் கண்டாலும் "மலிவுதானே" என்று தலையாட்டப் பழகிவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம்.

பட்டியலில் இல்லாத விலை

இனித் திரும்பி எங்கட துறைக்கு வருவோம். எங்கட பக்கம் 'பாதை' என்றால் ரோட்டு மட்டுமல்ல, ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவையும் பாதைதான். 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி கிண்ணியாப் பாலம் திறக்கும்வரைக்கும் கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு அப்படித்தான் கடந்தார்கள். சவூதி நிதியில் கட்டிய அந்தப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். கட்டி முடித்தபோது இலங்கையிலேயே நீளமான பாலம் அதுதான். அதற்கு முதல், ஒரு சோடி சப்பாத்துக்கு இரண்டு ஊரில் விலை கேட்க வேணுமென்றால் பாதைக்குக் காத்திருக்கவேண்டும். ஸ்டிக்லர் சொன்ன தேடும் செலவு எங்களுக்கு அந்த 396 மீற்றர் தண்ணீரில் இருந்தது. எந்த இணையத்தளமும் வருவதற்கு முதல் எங்கட ஊரில் விலைகளை ஒப்பிட வழி திறந்தது அந்தப் பாலம்.

ஆனால் குறிஞ்சாக்கேணிக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் இன்னுமொரு கடவை இருக்கிறது. அங்கே பாலத்தைப் புதிதாகக் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் சனம் மிதவையில் போய்வந்தது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் திரும்பி வரவில்லை. இந்தக் கட்டுரையில் அதை எழுதலாமா என்று பல தடவை யோசித்தேன். எழுதாமல் விட்டால் 'செலவு' என்ற சொல்லை நான் பொய்யாகப் பாவித்ததாக ஆகிவிடும். கடப்பதற்கான செலவு இருக்கிறது என்று பொருளியல் சொல்லும்போது அது காசைப் பற்றி மட்டும் பேசுகிறது. தூரத்தில் இருப்பவர்கள் அதை வேறு விதமாகவும் கட்டுகிறார்கள்.

ஒப்பீட்டுத் தளத்துக்கு இந்தத் தூரம் தெரியாது. அது நாடு முழுக்க ஒரே பட்டியலைத்தான் காட்டும். கொழும்பில் இருப்பவருக்குச் சினீக்கர் அடுத்த நாள் வரும், அளவு பிழைத்தால் லேசாகத் திருப்பி அனுப்பலாம். இங்கே பார்சல்காரர் போன் பண்ணி "சந்திக்கு வந்து எடுங்க" என்பார். திருப்பி அனுப்ப இன்னொரு செலவு. மலிவான விலை என்பது பட்டியலில் உள்ள இலக்கமும் அது என் காலுக்கு வந்து சேரும்வரைக்கும் ஆகும் எல்லாமும் சேர்ந்ததுதான்.

அதனால் தளங்களைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேரளத்து மீனவர் போனை எறிந்துவிட்டா நடந்தார்? பாருங்கள். இரண்டு மூன்று தளத்தில் பாருங்கள். மேலே முதலாவதாக நிற்பது ஏன் முதலாவதாக நிற்கிறது என்று கேளுங்கள். வெட்டிய விலையை நம்பாமல், வாங்க நினைக்கும் சாமானின் விலையை ஒரு மாதத்துக்குக் கொப்பியில் குறித்துவைத்துப் பாருங்கள். அனுப்பும் செலவையும் திருப்பும் செலவையும் கூட்டுங்கள். பற்றுச்சீட்டு வாங்குங்கள். வாங்கின விலையைக் கூட்டாளிமாருக்குச் சொல்லுங்கள். விலைக்கழிவு கிடைத்த பெருமையில் உண்மை விலையை மறைப்பது கடைக்காரருக்குத்தான் உதவும்.

மச்சான் கடைசியில் என்ன செய்தான் என்று சொல்லவில்லையே. போனைத் தூக்கிக்கொண்டு கிண்ணியாக் கடைத்தெருவுக்குப் போனான். நானும் போனேன்.

"காக்கா, இதுல 6,990 போட்டிருக்கு."

கடைக்காரக் காக்கா போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அதுல உன்ட காலப் போட்டுப் பாக்கேலுமா?" என்றார். பிறகு தட்டிலிருந்து ஒரு சோடியை இறக்கி வைத்தார். 7,200. மச்சான் போட்டுப் பார்த்தான், பெருவிரல் இடித்தது. அடுத்த அளவு சரியாக இருந்தது. போனில் முதலில் போட்டிருந்த அளவில் ஓடர் பண்ணியிருந்தால் பெருநாளைக்குப் பாட்டாவோடுதான் பள்ளிக்குப் போயிருப்பான். பேசிப் பேசி 7,000க்கு வந்தது. அடி கழன்றால் மூன்று மாதத்துக்குள் கொண்டுவரலாம் என்று பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதியும் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மூத்தம்மா கேட்டது ஒரே கேள்வி: "எத்தின கடை ஏறி இறங்கின?"

"போன்ல மூண்டு, கடைத்தெருவுல ஒண்டு."

"நாலு. அது சரி" என்றா.